பல்லில் கம்பி, இடுக்கில் பருக்கை



பல்லுக்குக் கம்பி மாட்டுவது ஒரு காலத்தில் வசதி படைத்தவர் வீட்டுச் சங்கதியாக இருந்தது. தோட்டத்து லயங்களில் வளர்ந்த நம் தலைமுறைக்குப் பல் கோணலாக இருந்தால் அது கடவுள் கொடுத்தது. அதோடு வாழ்ந்துவிட வேண்டியதுதான். இன்று நிலைமை மாறிவிட்டது. தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் பல. 1972-ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு, நம் பெண்கள் எத்தனையோ பேர் அங்குள்ள தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இப்போது பாயான் பாருவிலும் சுற்றுவட்டாரத்திலும் பல்லில் கம்பி மின்ன இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கம்பி மாட்டுவதற்குப் பணம் சேர்த்த பெற்றோர், அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதைப் பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. ஆகவே, பல்லில் கம்பி இருக்கும்போது பல்லிடுக்கை எப்படிச் சுத்தம் செய்வது என்பதையே இம்மாதம் விளக்கமாகப் பார்ப்போம்.

கம்பி போட்டால் என்ன நடக்கிறது?

பல்லின் முன்புறத்தில் சிறு கட்டை போன்ற ஒன்றைப் பசையால் ஒட்டுகிறார்கள். அதற்குப் பிராக்கெட் என்று பெயர். ஒவ்வொரு பிராக்கெட்டிலும் உள்ள பள்ளத்தின் வழியாக ஒரே கம்பி வரிசையாகப் போகிறது. அந்தக் கம்பி மெதுவாகப் பல்லை இழுக்கிறது. இழுக்கும் பக்கம் எலும்பு கொஞ்சம் கரைந்து வழிவிடும். விட்டுவந்த பக்கம் புது எலும்பு வளரும். இது ஒரு நாளில் நடக்கும் காரியமல்ல. பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு பிடிக்கும். நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய்வர வேண்டும்.

இந்த இரண்டு ஆண்டுக் காலத்தில் வாய் ஒரு முள்வேலி போலாகிவிடுகிறது. சோற்றுப் பருக்கை, ரொட்டிச் சானாயின் துணுக்கு, கீரை நார், மீகூன் இழை எல்லாம் வேலியில் சிக்கிய குப்பையாகத் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் இந்த உணவுத் துணுக்கைவிட மோசமானது, கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாத வெள்ளைப் படலம். அது கிருமிகள் கூடு கட்டிய படலம். நாம் உண்ணும் சீனியை அவை தின்று அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கிறது. படலத்தை அப்படியே விட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. மருத்துவர்தான் கருவி கொண்டு சுரண்ட வேண்டும்.

பிரஷ் ஏன் போதாது?

நம்மில் பலர் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பல்லுக்கு ஐந்து பக்கம் உண்டு: முன்பக்கம், பின்பக்கம், மெல்லும் பக்கம், அடுத்த பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பக்கவாட்டுகள். முதல் மூன்றைப் பிரஷ் தேய்க்கும். பக்கவாட்டு இரண்டுக்குள் அதன் மயிர் நுழைவதில்லை. கம்பி இல்லாதவர் அந்த இடுக்கில் பல்நூலை மேலிருந்து நேராக இறக்கிவிடலாம். கம்பி போட்டவருக்கோ குறுக்கே கம்பி நிற்கிறது. அதனால்தான் பிள்ளைகள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

விட்டால் விளைவு என்ன? முதலில் ஈறு சிவந்து வீங்கும். தேய்த்தால் இரத்தம் கசியும். அடுத்து, பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டு விழும். அது சொத்தையின் முதல் படி. கவனிப்பில்லாத வாயில் நான்கே வாரத்துக்குள் இந்தத் திட்டு தோன்றிவிடக்கூடும் என்று பல் மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கம்பியைக் கழற்றிய பிறகும் பல திட்டுகள் முழுமையாக மறைவதில்லை. வரிசை அழகாக வந்திருக்கும்; ஒவ்வொரு பல்லிலும் கட்டம் போட்டது போல வெள்ளைக் கறையும் கூடவே வந்திருக்கும். பணமும் போய்ப் பல்லும் கெட்ட கதைதான்.

நான் அறிந்த ஒரு குடும்பம்

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பெண், இப்போது படிவம் இரண்டில் இருக்கிறாள். தாய் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு; தகப்பனார் லாரி ஓட்டுகிறார். கூட்டுக் காசு கட்டி, நகையை அடகு வைக்காமல் சமாளித்து, மகளுக்குக் கம்பி போட்டார்கள். பள்ளியில் சில பிள்ளைகள் “கம்பிவேலி” என்று கேலி செய்ய, அவள் சிற்றுண்டிச்சாலையில் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து கண்ணாடி பார்க்கவும் அவளுக்கு வெட்கம். ஆறு மாதத்தில் ஈறு வீங்கிவிட்டது. “ஈறு ஆறும்வரை கம்பியை முறுக்கமாட்டேன். இப்படியே போனால் கழற்றிவிட வேண்டியதுதான்” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதுவரை கட்டிய பணமெல்லாம் வீணாகிவிடுமோ என்று அந்தத் தாய் அழுதுவிட்டார்.

அந்த வீட்டைக் காப்பாற்றியவர் பாட்டி. தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டியவர். பல்நூலை வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் சாமிக்குப் பூக்கட்டும் கை அவருடையது. மருத்துவர் கொடுத்த சிறு வளையத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரிதானே? வாயத் தொற கண்ணு” என்றாராம். இரண்டு வாரம் இரவுதோறும் பேத்தியைக் கூடத்து விளக்கடியில் உட்கார வைத்து அவரே கோத்துவிட்டார். மூன்றாவது வாரம் பேத்தி தானே செய்யத் தொடங்கினாள். ஈறு தணிந்தது, வைத்தியமும் தொடர்ந்தது. ஒன்றிரண்டு பல்லில் வெள்ளைத் திட்டு மட்டும் நின்றுவிட்டது. அது முதல் ஆறு மாதத்தின் தழும்பு.

இதைச் சொல்லக் காரணம், எவரையும் குறை கூறுவதற்கல்ல. வேலை கடினமில்லை; பழக்கிவிட ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

என்னென்ன சாமான் வேண்டும்?

1. மிருதுவான மயிருள்ள சிறு தலைப் பிரஷ். மயிர் விரிந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். கம்பி போட்டவர் பிரஷ் சீக்கிரம் விரியும்.

2. ஃபுளோரைடு கலந்த பற்பசை. பெட்டியின் மேல் அதன் அளவு போட்டிருக்கும். 1000-க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள்.

3. இடுக்குப் பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுருக்கிச் சுருக்கித் தீக்குச்சி அளவாக்கியது போல இருக்கும். பல அளவுகளில் கிடைக்கும். எந்த அளவு என்று மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

4. பல்நூலும், அதைக் கோக்கும் பிளாஸ்டிக் வளையமும். முனை விறைப்பாகவும் நடுவில் பஞ்சு போலவும் செய்த ஆயத்த நூலும் உண்டு. அதற்கு வளையம் தேவையில்லை.

பல்நூல் என்றதும் இது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொழில் செய்த லெவி ஸ்பியர் பார்ம்லி என்ற பல் மருத்துவர், 1819-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலேயே மெழுகிட்ட பட்டு நூலால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார். நம்மவர்களும் ஆலங்குச்சி, வேலங்குச்சியின் அருமையைப் பழமொழியாகவே சொல்லி வைத்தவர்கள். ஆனால் ஒன்று: குச்சியால் கம்பிப் பல்லைத் தேய்க்கக்கூடாது. நார் சிக்கும், பிராக்கெட் பெயர்ந்துவிடும். கரித்தூளும் செங்கல் பொடியும் பல்லையே தேய்த்துவிடும். ஊக்கு, கொண்டை ஊசி, விளக்குமாற்று ஈர்க்கு இவற்றால் குத்தவே கூடாது. தையல் நூலும் ஆகாது. அது அறுந்து இடுக்கில் தங்கிவிடும்.

இரவில் செய்ய வேண்டிய முறை

ஒரு நாளைக்கு ஒரு முறையாவது இடுக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு இரவே உகந்த நேரம். தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடும். வாயைக் கழுவிக் காப்பது உமிழ்நீர்தான். ஆகவே அழுக்கோடு படுக்கவிடக் கூடாது.

முதலில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் கழற்றிவிட்டு, தண்ணீரை வாயில் நிறைத்து, கன்னம் உப்ப அலசித் துப்பச் சொல்லுங்கள். பெரிய துணுக்கெல்லாம் போய்விடும்.

அடுத்து இடுக்குப் பிரஷ். அதைக் கம்பிக்குக் கீழே, இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவில் மெதுவாக நுழைத்து, முன்னும் பின்னும் நாலைந்து முறை ஆட்ட வேண்டும். மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே சந்து இருந்தால் அங்கும் விடலாம். நுழையாவிட்டால் முட்டித் தள்ளக்கூடாது. அந்த இடத்துக்கு நூல்தான்.

இனி நூல். முழங்கை நீளம், சுமார் 45 சென்டிமீட்டர் எடுத்து வளையத்தின் காதில் கோத்துக்கொள்ளுங்கள். வளையத்தின் கூர்முனையைக் கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே செலுத்தி மறுபக்கம் இழுத்தால், நூல் கம்பிக்குப் பின்னால் போய்விடும். இப்போது இரு முனையையும் விரலில் சுற்றிப் பிடித்து, பல்லிடுக்கில் அறுப்பது போல மெல்ல அசைத்து இறக்க வேண்டும். சடக்கென்று இறக்கினால் ஈறு வெட்டுப்படும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லோடு ஒட்டி வளைத்துப் பிடித்து, ஈற்றோரத்திலிருந்து பல்லின் நுனிவரை நாலைந்து முறை ஏற்றி இறக்க வேண்டும். அதே இடுக்கில் அடுத்த பல்லையும் அப்படியே. பிறகு ஒரு முனையை விட்டுவிட்டு நூலை உருவிவிடலாம். கம்பியைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது. கம்பி வளைந்தால் வைத்தியமே கோணும். ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் சுத்தமான பகுதியைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாகப் பிரஷ். ஈற்றோரத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்துச் சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். பிறகு பிராக்கெட்டுக்கு மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு தடவை, கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து ஒரு தடவை. பின்பக்கத்தையும் மெல்லும் பக்கத்தையும் மறக்க வேண்டாம். முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும். குவளை குவளையாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும்.

முதல் வாரம் இதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பிள்ளை முகம் சுளிக்கும். பழகப் பழக நேரம் குறையும். இரவு முழுவதையும் செய்ய இயலாத நாளில், பாதி வாயையாவது செய்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். மறுநாள் மறுபாதியில் தொடங்கலாம். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட அது மேல்.

சில சந்தேகங்கள்

“இரத்தம் வருகிறதே, நிறுத்திவிடலாமா?” என்று கேட்பவர் உண்டு. நிறுத்தக்கூடாது. அழுக்கு தங்கியதால்தான் ஈறு இரத்தம் கசிகிறது. மென்மையாகத் தினமும் செய்துவந்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

“நூல் நல்லதா, இடுக்குப் பிரஷ் நல்லதா?” இதற்குக் கொக்ரேன் என்ற உலக ஆய்வுக் குழு 2019-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. வெறும் பிரஷ்ஷோடு நிற்பதைவிட, இடுக்கையும் சுத்தம் செய்தால் ஈறு நோய் குறையக்கூடும் என்றும், இடுக்குப் பிரஷ் நூலைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் தரக்கூடும் என்றும் அது சொன்னது. ஆனால் கிடைத்த சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. ஆகவே, எது உங்கள் பிள்ளையின் வாயில் நுழைகிறதோ, எதைத் தினமும் செய்ய அது சம்மதிக்கிறதோ, அதுவே நல்லது.

“தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் வாங்கலாமா?” இது 1962-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய சாதனம். கம்பி போட்டவருக்கு நல்ல உதவி. வாங்க முடிந்தவர் வாங்கலாம். வாங்க முடியாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. இயந்திரம் இருந்தாலும் பிரஷ்ஷை விட்டுவிட முடியாது.

“கம்பி குத்துகிறதே?” மருத்துவர் தரும் மெழுகைக் கிள்ளி உருட்டி அந்த முனையில் அப்பிவிடலாம். வீட்டில் நகவெட்டியால் வெட்டக்கூடாது. புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும்.

சாப்பாட்டில் கவனம்

முறுக்கு, கரும்பு, ஐஸ் கட்டி, கெட்டியான நெத்திலிப் பொரியல், கோழி எலும்பு இவற்றைக் கடித்தால் பிராக்கெட் பெயரும். டோடோல், மிட்டாய் போன்றவை ஒட்டிக்கொள்ளும். கொய்யாவையும் மாங்காயையும் முழுதாகக் கடிக்காமல் துண்டு போட்டுக் கடைவாயால் மெல்லலாம். தீபாவளியில் பிள்ளைக்கு ஒன்றுமே கொடுக்காதே என்று சொல்ல மாட்டேன். நெய்யுருண்டையும் அல்வாவும் சாப்பிட்டுவிட்டு உடனே வாயை அலசட்டும்.

சீனி விஷயத்தில் எத்தனை கரண்டி என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். தே தாரேயை ஒரே மூச்சில் குடித்து முடிப்பவரைவிட, மைலோவையும் சிராப்பையும் பொட்டலத்தில் கட்டி மாலை முழுவதும் உறிஞ்சும் பிள்ளைக்குத்தான் பல் அதிகம் அரிக்கும். இடையிடையே வெறும் தண்ணீர் குடிக்கப் பழக்குங்கள். நம் நாட்டில் குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டத்தை 1972-இல் அரசாங்கம் ஏற்றது. பினாங்கு நீரிலும் அது உண்டு. அதுவும் பல்லுக்கு ஒரு துணை.

பள்ளிப் பையில் ஒரு சிறு டப்பா: அதில் பிரஷ், இடுக்குப் பிரஷ் ஒன்று, சின்னக் கண்ணாடி. ஓய்வு நேரத்தில் சாப்பிட்டதும் குழாயடியில் இரண்டு நிமிடம். இதற்கு ஆசிரியர்களாகிய நாமும் இடம் கொடுக்க வேண்டும். கேலி செய்யும் பிள்ளைகளை அழைத்துக் கம்பி எதற்கு என்று விளக்கிச் சொன்னால், கேலி தானாக அடங்கும்.

போலிகளிடம் ஏமாறாதீர்கள்

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மலிவு விலைக்குக் கம்பி மாட்டுகிறேன் என்று ஓட்டல் அறையிலும் அழகு நிலையத்திலும் வேலை செய்யும் போலிகள் இருக்கிறார்கள். 2017-இல் மலாக்காவில் அனுமதியில்லாமல் இப்படிக் கம்பி மாட்டிய ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. 2022 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும் பதிவில்லாதவர் பல் வைத்தியம் செய்வதைத் தடுக்கிறது. போலிக் கம்பியில் இடுக்குச் சுத்தம் எப்படி என்று சொல்லித்தர ஆளிருக்காது. ஈறு வீங்கினால் கேட்கவும் ஆளிருக்காது. மருத்துவரின் அந்த ஆண்டுத் தொழிற்சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வையுங்கள். செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசாங்கப் பல் மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும். பல் மிகவும் கெட்டிருப்பவருக்கே முதலிடம். இருந்தாலும் கேட்பதில் தவறில்லை.

பள்ளிக்கு வரும் பல் தாதியரையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் 1921-இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1949-இல் நம் பினாங்கில்தான் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கவனிக்கும் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. தோட்டப் பள்ளிக்கூட மண்டபத்தில் மடக்கு நாற்காலி போட்டு நம் பல்லைப் பார்த்த அக்காமார்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். இப்போது அவர்களைப் பல் சிகிச்சையாளர் என்று அழைக்கிறார்கள். கம்பி போடுவது அவர்கள் வேலையல்ல. ஆனால் பிரஷ்ஷையும் நூலையும் எப்படிப் பிடிப்பது என்று கையைப் பிடித்துக் காட்டித் தருவார்கள். வெட்கப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கம்பி மாட்டிய முதல் இரண்டு வாரம், இரவு ஷிப்டில் இருக்கும் தாயானாலும், விடியலில் கிளம்பும் தகப்பனானாலும், வீட்டில் யாராவது ஒருவர் பிள்ளையோடு உட்காருங்கள். “தேய்த்தாயா?” என்று தூரத்திலிருந்து கேட்டால் “தேய்த்தேன்” என்றுதான் பதில் வரும். விளக்கைப் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திட்டாதீர்கள், இடத்தைக் காட்டி இன்னொரு முறை தேய்க்கச் சொல்லுங்கள். பாட்டி, தாத்தா இருக்கும் வீடு என்றால் இன்னும் நல்லது. கண்பார்வை மங்கியிருந்தாலும் அவர்களுடைய பொறுமை மங்கவில்லை.

இரண்டு ஆண்டு ஓடிவிடும். கம்பியைக் கழற்றும் நாளில் பல் வரிசையாகவும் இருக்க வேண்டும், கறையின்றியும் இருக்க வேண்டும். நீங்கள் மாதாமாதம் எண்ணிக் கட்டிய வெள்ளி அப்போதுதான் முழுமையாகப் பிள்ளையின் வாயில் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். இன்றிரவே தொடங்குங்கள்.